ஹோஸை வெட்டுவதற்கு முன்

வட அமெரிக்காவில் ஓடிக் களைத்த பள்ளிப் பேருந்துகளை ஏலத்தில் எடுத்து, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அப்படி மாற்றிய பஸ்ஸுக்கு ‘ஸ்கூலி’ என்று செல்லப் பெயர். ஒன்டாரியோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் நான் மூன்று பஸ்களை இப்படி மாற்றியிருக்கிறேன். முதலாவதில் தவறுகள்தான் அதிகம். சீட்டுகளைக் கழற்றி முடித்ததும் எல்லார் கண்ணும் ஹீட்டர் பெட்டிகள் மேல்தான் போகும். ‘இதையும் பிடுங்கிப் போட்டால் இடம் கிடைக்குமே!’ கேட்க வருகிற தம்பி தங்கச்சிகளுக்கு நான் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஹீட்டரை வீட்டுச் சாமானாக எண்ணாதீர்கள். சீட்டுக்கு அடியில் கிடக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் சின்ன ரேடியேட்டர் ஒன்றும் காற்றாடியும் இருக்கின்றன, அவ்வளவுதான். சூடு எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் அதே கூலன்ட், 85, 90 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஒரு அங்குல ஹோஸ் வழியாகச் சுவரோரமாகப் பின்பக்கம் வரை போய், இன்னொரு ஹோஸில் திரும்புகிறது. பின் ஹீட்டரில் கை வைத்தால் எஞ்சினில் கை வைத்த மாதிரி.

2. ஒரு சாயங்காலம் முழுக்க அடியில் படுத்துக் கிடங்கள். கத்தி வேண்டாம், சாக்குக்கட்டியும் டார்ச்சும் போதும். ஆறிக் கிடக்கும் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் வால்வுகளைத் திறந்து, இரண்டு ஹோஸையும் தொட்டுக்கொண்டே இருங்கள். முதலில் சூடேறுவது போகும் குழாய், பிந்திச் சூடேறுவது திரும்பும் குழாய். இரண்டிலும் அம்புக்குறி போடுங்கள். அதன்பின் முக்கியமான கேள்வி: டிரைவர் பக்கத்து முன் ஹீட்டரும் பின் ஹீட்டரும் தனித்தனிக் கிளையா, ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த ஒரே சரடா? இரண்டு விதமும் உண்டு. ஒரே சரடாக இருந்து நீங்கள் பின்னால் வெட்டி அடைத்தால், முன் ஹீட்டரும் அன்றோடு சரி. எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது, வால்வு எங்கே, 12 வோல்ட் பூஸ்டர் பம்ப் இருந்தால் அது எங்கே என்று தாளில் படம் போட்ட பிறகே மேலே பேசலாம்.

3. முன் ஹீட்டரைத் தொடாதீர்கள். கண்ணாடியில் படியும் பனியையும் ஆவியையும் விரட்டுவது அதுதான். அமெரிக்கக் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103ஆம் எண் முழுக்க இந்த டிஃப்ராஸ்டரைப் பற்றியதே. ‘நான் விறகடுப்பு வைக்கப் போகிறேனே’ என்பார்கள். வண்டி ஓடும்போது விறகடுப்பு எரியக் கூடாது. எரிந்தாலும் முன் கண்ணாடி தெளியாது.

4. பழைய வால்வை நம்பாதீர்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் பஸ்ஸில் இரண்டு வால்வையும் இறுக்கிச் சுற்றி மூடிவிட்டு, கீழே ஒரே ஒரு வாளியை வைத்து, பின் ஹீட்டரின் ஹோஸை அறுத்தேன். திருகித் திருகி மூடுகிற பழைய பித்தளை வால்வுகள். உள்ளே துரு தின்றிருந்தது. கைப்பிடி சுற்றியதே தவிர வாய் மூடவில்லை. ஐந்து கேலன் வாளி நிரம்பி வழிந்து, ரப்பர் விரிப்புக்கு அடியில் இருந்த பிளைவுட் முழுக்கக் குடித்தது. அந்த இனிப்பு வாடை இரண்டு மாதம் போகவில்லை. கடைசியில் தரைப் பலகையையே பெயர்த்தேன். இப்போது எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டரை அடியில் திறந்து வடித்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறேன். வாளி நான்கு. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பவனுக்கு அறிவுரை எதுவும் உதவாது.

5. வடித்ததை மண்ணில் ஊற்றாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் நஞ்சு. ஆனால் ருசி இனிப்பு. நாயும் பூனையும் தேடி வந்து நக்கும், குழந்தையும் விரல் வைத்துப் பார்க்கும். வாளிக்கு உடனே மூடி. பிறகு ஊர்க் கழிவு சேகரிப்பு மையம். புதிதாக ஊற்றும்போது நிறத்தைப் பார்த்து வாங்காமல், எஞ்சின் கையேடு சொல்லும் வகையை வாங்குங்கள். பச்சையும் சிவப்பும் கலந்து ‘சமாளித்த’ ரேடியேட்டர்களை நான் கழுவியிருக்கிறேன். டி.டி.466 போன்ற, சிலிண்டர் உறையைச் சுற்றிக் கூலன்ட் நேரடியாக ஓடும் டீசல் எஞ்சினுக்கு, உறை பொத்தல் விழாமல் காக்கும் சேர்மானமும் தேவை. பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது.

6. இனி மாற்றுவழி. பின் ஹீட்டர் தனிக் கிளையாக இருந்தால் எஞ்சின் பக்கத்திலேயே கழற்றி, அந்தத் துளைக்குரிய மரையுள்ள அடைப்பானைப் போடுங்கள். நீண்ட ஹோஸை வாலாகத் தொங்கவிட்டு முனையில் மரக்கட்டை செருகுவதெல்லாம் வேலையில் சேர்த்தி இல்லை. ஒரே சரடாக இருந்தால், எடுத்த ஹீட்டரின் இடத்தில் போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் இணைத்து வளையமாக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் கடைக்கு மூன்று தடவை அலைகிறார்கள். வீட்டுச் செம்புக் குழாயில் ‘முக்கால் அங்குலம்’ என்றால் அதன் வெளி விட்டம் முக்கால் அல்ல, அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. உங்கள் ஹோஸுக்குள் லொடலொடவென்று ஆடும். ‘ஒரு அங்குலம்’ என்பதன் வெளி விட்டம் ஒன்றே அரைக்கால். ஹோஸ் ஏறவே ஏறாது. பேசாமல் ஹோஸுக்கென்றே வரிப்பல் வைத்துச் செய்த பித்தளை இணைப்பானை வாங்குங்கள். வெள்ளைப் பி.வி.சி. குழாய் 60 டிகிரிக்கு மேல் தாங்காது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

கிளாம்ப்பிலும் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரணத் திருகு கிளாம்ப் கோடையில் இறுக்கமாகவே இருக்கும். கடுங்குளிரில் ரப்பர் சுருங்கும், கிளாம்ப் அப்படியே நிற்கும், அந்த இடுக்கில் சொட்டும். வில் வைத்து, ஹோஸ் சுருங்கினால் தானும் சுருங்கும் கிளாம்ப் உண்டு. விலை கூட. கட்டிலுக்கு அடியில் போகிற இணைப்புக்கு அதைத் தவிர வேறெதையும் நான் போடுவதில்லை.

7. ஹோஸைத் தரைக்கு அடியில் கொண்டுபோனால் இரண்டு எதிரிகளைப் பாருங்கள்: புகைபோக்கிக் குழாய், சுழலும் டிரைவ் ஷாஃப்ட். இரண்டுக்கும் எட்டாத தூரத்தில், ஓர் அடிக்கு ஒரு பிடி போட்டுக் கட்டுங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். பஸ் அதிரும், தகட்டு விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும்.

8. காற்றாடியின் ஒயரை நறுக்கி விட்டுவிடாதீர்கள். டிரைவர் பக்கத்துப் பலகை வரை தேடிப் போய், மின்சாரம் புறப்படும் இடத்திலேயே கழற்றிப் பெயரெழுதிக் கட்டுங்கள்.

9. ஹீட்டர் போன இடத்தில் தரையில் ஓட்டைகள் மிஞ்சும். டேப் ஒட்டினால் தண்ணீர் வேண்டுமானால் நிற்கும், புகை நிற்காது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு அதன் வழியாகத்தான் தூங்குகிறவர்களிடம் வரும். துருவைச் சுரண்டித் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். கட்டிலருகே அலாரம் ஒன்று இருக்கட்டும்.

10. இதையெல்லாம் படித்தபின்னும் எல்லா ஹீட்டரையும் எடுக்கத்தான் வேண்டுமா? என் மூன்றாவது பஸ்ஸில் பின்பக்கம் ஒன்றை வைத்துக்கொண்டேன். ஜனவரியில் ஆறு மணி நேரம் ஓட்டிப் போய் நிறுத்தினால் படுக்கை கதகதவென்று இருக்கிறது, அதுவும் தனிச் செலவில்லாமல். போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் கால் சுற்றில் மூடும் நல்ல வால்வு ஒவ்வொன்று போட்டேன். ஜூலையில் மூடிவிடுவேன், இல்லையென்றால் வீட்டுக்குள் வெந்நீர்க் குழாய் ஓடும். இதே சூட்டில் குளிக்க வெந்நீர் போடவும் வழியுண்டு, தட்டு வெப்பமாற்றி வைத்து. ஆனால் இரட்டைச் சுவர் உள்ளதாக வாங்குங்கள். ஒற்றைச் சுவரில் ஒரு பொத்தல் விழுந்தால் குளிக்கிற தண்ணீரில் நஞ்சு கலக்கும்.

11. காற்றை வெளியேற்றாமல் வேலை முடியாது. ரேடியேட்டர் உயரத்தில் இருக்கும்படி மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். ஹீட்டர் வால்வுகளைத் திறந்து வைத்து, மூடியில்லாமல் ஆறிய எஞ்சினைத் தொடங்கி, குமிழி வரவர மெல்ல ஊற்றுங்கள். அளவு மேலேறி வழியத் தொடங்கினால் மூடியைப் போட்டுவிடுங்கள். பின் ஹீட்டரின் உச்சியில் காற்றுத் திருகு இருந்தால் அதையும் தளர்த்துங்கள். உள்ளே காற்று சிக்கினால் ஹீட்டர் குளிர்ந்தே கிடக்கும். எஞ்சின் தலையில் சிக்கினால் சூட்டுமானி பொய் சொல்லும், எஞ்சின் வேகும். ஒரே தடவையில் நிரம்பாது. ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி பார்த்து ஊற்றுங்கள். எனக்கு மூன்று நாள் பிடித்தது.

12. இரவில் வண்டிக்கு அடியில், இணைப்புகளுக்கு நேராக, பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிட்டுத் தூங்குங்கள். முதல் உறைபனிக் காலையில் அதை இழுத்துப் பாருங்கள். பச்சையோ சிவப்போ சொட்டு விழுந்திருந்தால் நேர் மேலே எந்தக் கிளாம்ப் என்று தெரிந்துவிடும். அட்டை காய்ந்திருந்தால் கிளம்பலாம்.