பசியோடு விலை பேசாதே

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நேற்று போனில் அந்தியூர் சந்தைக்குப் போவதைப் பற்றிக் கேட்டதற்கு, "சாப்பாடெல்லாம் அங்கேயே கடையில பார்த்துக்கறேன் பெரியப்பா" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாய். சோளத்தட்டு எத்தனை கட்டு, பருத்திக்கொட்டை எத்தனை கிலோ, மூக்கணாங்கயிறு, தும்பு, சலங்கை என்று உன் மாடு காரிக்கு வேண்டியதை எல்லாம் விரல்விட்டுச் சொன்ன பிள்ளை, தன் வயிற்றைப் பற்றி மட்டும் நினைக்கவே இல்லை. அதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. "அவன் என்ன சின்னப் பையனா, விடுங்க" என்கிறாள் உன் பெரியம்மா. விட முடியவில்லை. போனில் சொன்னால் சரி சரி என்பாய், வைத்ததும் மறந்துவிடும். காகிதத்தில் எழுதினால் வண்டியில் கிடக்கும், வேண்டும்போது எடுத்துப் பார்ப்பாய்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நீ வருசா வருசம் வந்திருக்கிறாய். அதை வைத்து அந்தியூரை நினைத்துவிடாதே. கண்ணபுரம் கூடுவது சித்திரை மாசம். கட்டியிருப்பது எல்லாம் காங்கயம் மாடு, வருகிற சனமும் முகம் தெரிந்த சனம். பொழுது சாய்ந்தால் வீட்டிலிருந்து போசியில் சோறு வந்துவிடும். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை ஆடியில் கூடுவது. காற்று தார்ப்பாயைப் பிய்க்கும், நினைத்த நேரத்தில் தூறும். மார்வாரிக் குதிரை, கத்தியவார் குதிரை, பர்கூர் மலைச் செம்மறை மாடு, ஆடு என்று எல்லாம் வந்து நிற்கும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து கூடுகிற சந்தை என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மாடு வாங்க வருகிறவனை விட வேடிக்கை பார்க்க வருகிறவன் பல மடங்கு அதிகம். அந்தக் கூட்டம் ஏறுவது சாயங்காலம்தான். சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைக்காமல் நிற்பதும் அந்த நேரத்தில்தான். மாட்டுக்காரன் மாடு கட்டின தறியில் இருக்க வேண்டியதும் அதே நேரம்தான்.

கடையில் சாப்பிடுவதா, தறியிலேயே அடுப்பு வைத்துச் சமைப்பதா என்பது உன் இஷ்டம் கண்ணு. நான் கட்டாயப்படுத்தவில்லை. கடையில் சாப்பிட்டால் பாத்திரம் கழுவுகிற வேலை மிச்சம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போக வர, நிற்க, சாப்பிட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். நாள் முழுக்கச் சுட்டெடுத்த எண்ணெயில் பொரித்ததுதான் இலையில் விழும். அந்த ஒரு மணி நேரம் உன் காரி யாரை நம்பி நிற்கும்? பழகாத குதிரை பக்கத்தில் கனைத்தால் மிரளுகிற மாடு அது.

உங்கப்பனுடைய மயிலைச் சோடி விசயம் உனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்டது உங்கப்பன் வாயால் கேட்டது. "அந்த வருசம் சந்தை படுத்துப் போச்சு" என்பான். சந்தை படுக்கவில்லை கண்ணு. அந்த இரண்டும் நம் பட்டியிலேயே செவலைக் கன்றுகளாக விழுந்து, ஆறு மாசத்தில் மயிலை ஏறி, அப்பாரு கையால் தவிடு தின்று வளர்ந்தவை. சந்தைக்குக் கிளம்புகிற அன்றைக்கு ஆத்தா அரிசி, பருப்பு, மிளகாய்ப்பொடி எல்லாம் அளந்து மூட்டை கட்டி அடுப்போடு திண்ணையில் வைத்தாள். "இதையெல்லாம் எவன் சுமக்கிறது" என்று திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போனான் உங்கப்பன். முதல் நாள் பொழுது சாயப் புரோட்டாக் கடையில் போய் நின்றான். அந்த நேரம் பார்த்து ஒரு சம்சாரி வந்து, சோடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பல் பிடித்துப் பார்த்து, விலை சொல்ல ஆள் இல்லை என்று நடையைக் கட்டிவிட்டார். பக்கத்துத் தறிக்காரர் பிறகு அப்பாருவிடம் வந்து சொன்னது இது. ராத்திரி வயிறு புரட்டி, விடிய விடியத் தூக்கம் இல்லை. மறுநாள் வெறும் வயிற்றோடு விலை பேசத் தரகனுடைய துண்டுக்குள் கையைக் கொடுத்தான். தரகன் விரலைத் தொடுவதற்கு முன்னால் முகத்தைத்தான் பார்ப்பான். சோர்ந்த முகம் என்றால் விலை அங்கேயே இறங்கிவிடும். எப்படியாவது ஊர் வந்து சேர்ந்தால் போதும் என்று கேட்ட விலைக்குத் தலையாட்டிவிட்டு, மத்தியானமே பஸ் ஏறிவிட்டான்.

அப்பாரு ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தக் கட்டுத்தறியில் சோடி மாடு கட்டவும் இல்லை. இத்தனை வருசம் கழித்தும் உங்கப்பன் சந்தையைத்தான் குறை சொல்கிறான். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு வேளைச் சோறு பொங்கச் சோம்பல்பட்டதற்கு அப்பாருவின் நாலு வருச உழைப்பு போய்விட்டது. பசியோடு விலை பேசாதே. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். நாலு நாளும் சாயங்காலம் அரை மணி நேரத்துக்கு மேல் அடுப்பு முன்னால் உட்காராதபடி எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து கட்டிவிடலாம். பெரியம்மா நாள்கணக்கு எழுதித் தனித்தனி மஞ்சப்பையாகப் போட்டுத் தருகிறேன் என்கிறாள். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, வாணலி ஒன்று, மத்து, கரண்டி, இரண்டு தட்டு, இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று. அடுப்பும் சிலிண்டரும் போக, இதற்கு மேல் சாமான் வேண்டாம்.

முதல் நாள் அடுப்பே பற்ற வைக்காதே. ஈரோடு, பவானி தாண்டி அந்தியூர் போய் மாட்டை இறக்கி, முளை அடித்து, தார்ப்பாய் கட்டுவதற்குள் பொழுது போய்விடும். அன்றைக்கு விடியற்காலையில் பெரியம்மா நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் புளிச்சோறு கிளறித் தருவாள். ஆற வைத்துக் கட்டினால் ராத்திரி வரைக்கும் தாங்கும். மிச்சப் புளிக்காய்ச்சல் பாட்டிலில் இருக்கும், அது நாலு நாளும் கெடாது. அவசரம் என்றால் வெறும் சோறு வடித்துப் பிசைந்துகொள்ளலாம்.

இரண்டாம் நாள் அரிசியும் பருப்பும். நம் வீட்டில் நீ குழந்தையிலிருந்து தின்றது, உன் நாக்குக்குப் பழகின ருசி. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். உனக்கும் கூட வருகிற டிரைவர் தம்பிக்கும் ஒன்றரை டம்ளர் அரிசி போடு, மற்றதை அதே கணக்கில் ஏற்றிக்கொள். குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை. அப்புறம் சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு நாலு பல், தக்காளி ஒன்று. மஞ்சளும் சாம்பார்பொடியும் பையிலேயே பொட்டலமாக இருக்கும். கழுவின அரிசி பருப்பைக் கொட்டி, உப்புப் போட்டு மூடினால் மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும். நெய்யை ஊற்றிச் சாப்பிடு, கஞ்சத்தனம் பண்ணாதே. வெங்காயத்தை மட்டும் அங்கேயே உரித்துக்கொள். உரித்து எடுத்துப் போனால் ஒரே நாளில் வாடை வந்துவிடும்.

மூன்றாம் நாள் உப்புமா. ரவையை இங்கேயே வறுத்துத் தந்துவிடுகிறோம், வண்டும் பிடிக்காது, கட்டியும் தட்டாது. ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். கூடவே வெங்காயம், கேரட் எது கிடைக்கிறதோ அதை நறுக்கிப் போடு. முட்டை நாலு வாங்கி வேகவைத்துக்கொள், உப்புமா மட்டும் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கே பசிக்கும்.

நாலாம் நாள் பாசிப்பயறு கடைந்தது. மத்தியானமே பயறை ஊறப் போட்டுவிடு. பச்சை மிளகாய், சீரகம், சின்ன வெங்காயம், மஞ்சளோடு நாலு விசில் விட்டு, உப்புப் போட்டு மத்தால் கடைந்தால் தீர்ந்தது. சோறு தனியாக வடித்துக்கொள். கொள்ளுப் பருப்பு கடைய ஆசைப்படாதே. அது வேக நேரமாகும், காஸும் தீரும். கொள்ளு காரியோடு இருக்கட்டும், ஊற வைத்துப் போடு.

தூறல் பிடித்துக்கொண்டால் அன்றைக்குச் சமையல் கிடையாது. கெட்டி அவலைப் பத்து நிமிசம் ஊற வைத்து, தேங்காய்ச் சில்லும் நாட்டுச்சர்க்கரையும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுப் படு. அடுப்பைத் தார்ப்பாய்க்குள் இழுக்காதே. இதை மட்டும் நீ மீறினால் பெரியப்பா பேச மாட்டேன். காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படிந்து தேங்கும், ஒரு தீக்குச்சி போதும். குளிருக்கு என்று கரி அடுப்பை உள்ளே வைத்துப் படுப்பது இன்னும் மோசம். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான். வண்டிக்குள் அடுப்பு வைப்பதும் இதே கணக்குத்தான். ஐந்து கிலோ சிலிண்டர் போதும், ஆனால் சிலிண்டர் தலையிலேயே அடுப்பை மாட்டாதே. டியூப் போட்டு அடுப்பைத் தள்ளி வை. காற்று வருகிற பக்கம் நாலு செங்கல்லை அடுக்கு, சிலிண்டர் அந்த மறைப்புக்கு வெளியே நிற்கட்டும். தட்டுப் போர் இருக்கிற பக்கம் நெருப்பே கூடாது. உன் போர் மட்டும் இல்லை கண்ணு, பத்தடியில் அடுத்தவன் போரும் இருக்கும், முளையில் கட்டின மாடுகளும் நிற்கும். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் காரிக்குத் தண்ணீர் காட்டித் தட்டுப் போடு. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவு. சாணி பட்ட கையோடு அரிசி களைந்தால் நாலு நாளும் கழிசல்தான். ஐந்தரைக்கு அடுப்பு, ஆறேகாலுக்குச் சாப்பாடு. ஆடியில் பொழுது இறங்க ஆறே முக்கால் ஆகும், வெளிச்சத்திலேயே பாத்திரமும் கழுவிவிடலாம். கூட்டம் ஏறும்போது வயிறு நிறைந்து, முகம் கழுவி, உன் மாட்டின் பக்கத்தில் நில். கறிக்குழம்புக்கு ஆசைப்படாதே, ஐஸ் இல்லாமல் அந்த இடத்தில் கறியை வைத்திருக்க முடியாது. தயிரும் அன்றன்றைக்குச் சின்னப் பாக்கெட்டாக வாங்கு.

மிச்சச் சோற்றைக் காரிக்குப் போட்டுவிடாதே. சோறு நிறைய உள்ளே போனால் மாட்டின் வயிற்றில் புளித்து, உப்பி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். கல்யாண வீட்டு மிச்சத்தைத் தின்று போன மாடுகள் நம் பக்கத்திலேயே உண்டு. அளந்து பொங்கு. வடித்த சோறு மிஞ்சினால் நல்ல தண்ணீர் ஊற்றி வை, காலையில் சின்ன வெங்காயத்தோடு நீயே குடி.

டிரைவர் தம்பியைத் தனியாகக் கடைக்கு அனுப்பாதே. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். பக்கத்துத் தறிக்காரருக்கும் ஒரு கரண்டி நீட்டு. வெளியூரில் இப்படிச் சாப்பிட்டுப் பழகினவர்கள்தான் ராத்திரி உன் மாட்டையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள். எந்தத் தரகன் எப்படிப்பட்டவன் என்பதும் அவர்களிடமிருந்துதான் தெரியவரும். அப்புறம் யார் துண்டை நீட்டினாலும், "சாப்பிட்டுட்டு வர்றேனுங்க" என்று சொல்லு. அதற்குக் காத்திருக்காதவன் உன் மாட்டுக்கு ஏற்ற ஆள் இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டேன் என்று மனசில் வைத்துக்கொள்ளாதே கண்ணு. உன்மேல் நம்பிக்கை இல்லாமல் எழுதவில்லை. நம் குடும்பத்தில் அப்பாருவுக்கு அப்புறம் மாட்டின் குணம் அறிந்து வளர்த்தவன் நீ ஒருத்தன்தான். காரியின் திமிலையும் நடையையும் பார்க்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்கும்போது, என் தம்பி மகன் வளர்த்தது என்று சொல்ல எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? விலை படிந்தால் கொடு, படியாவிட்டால் ஓட்டி வந்துவிடு, ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். ஒரு நாள் கடையில் சாப்பிட ஆசையாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடு, டிரைவர் தம்பியைத் தறியில் உட்கார வைத்துவிட்டுப் போ. குச்சி ஐஸ், கரும்புச்சாறு, ராட்டினம் எதையும் விடாதே, வயசுப் பிள்ளை நாலு நாளும் சந்தோசமாக இருக்க வேண்டும். செலவுக்குப் பெரியம்மாவிடம் பணம் கொடுத்து வைத்திருக்கிறேன், கணக்குச் சொல்ல வேண்டாம். புதுத் துண்டு ஒன்றும் மூட்டையில் வைத்திருக்கிறேன், தரகன் துண்டுக்குள் கை விடாமல் உன் துண்டிலேயே விலை பேசு. உங்கப்பன் மூட்டு வலிக்கு நான் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறானா என்று பார்த்துச் சொல். குருநாதசாமி உன்னையும் காரியையும் நல்லபடியாகக் காப்பாற்றட்டும்.

உன்மேல் உயிராயிருக்கும்,
பெரியப்பா