நாய்க்கும் ஒரு உண்டியல்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதியே உண்டு. நாயை அப்படி மதிக்கும் ஊரில் வெளிநாட்டு இனக் குட்டியை விலைக்கு வாங்குவானேன்? தெருக்குட்டியைத் தத்தெடுங்கள், நம் வெயிலையும் தாங்கும்.

முதல் ஆண்டுச் செலவுதான் கையைக் கடிக்கும். 6-8 வாரத்தில் முதல் தடுப்பூசி, 3 மாதத்தில் வெறிநோய் ஊசி, குடற்புழு மருந்து, பிறகு கருத்தடை. ஊசி ஆண்டுதோறும் தொடரும். மாதம் 300 ரூபாய் தனி டப்பாவில் போட்டால் ஆண்டுக்கு 3,600 சேரும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் கடன் கேட்டு அலைய வேண்டாம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினம். அதையொட்டி இலவச ஊசி முகாம் உண்டா என்று அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

தீபாவளி வெடிச் சத்தத்துக்கும் கார்த்திகை தீபக் கூட்டத்துக்கும் நாய் மிரண்டு ஓடிவிடும். கழுத்துப்பட்டையில் போன் எண் எழுதுங்கள். இந்தச் சின்னச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.