அறைக்கு எத்தனை ரோல்?

சிலாபம்

அன்புள்ள மருமகளுக்கு,

புது அறைக்கு வோல்பேப்பர் ஒட்டப் போகிறாய் என்றும், ஆறு ரோல் போதும் என்று கடையில் சொன்னார்கள் என்றும் அம்மா சொன்னார். காசு கட்டுவதற்கு முன் மாமா எழுதுவதை ஒருமுறை வாசித்துவிடு. அந்த அறையின் நாலு சுவருக்கும் ஆறு ரோல் போதாது.

ஆறு என்ற எண் எப்படி வந்திருக்கும் என்பது தெரிந்ததுதான். அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 396 சதுர அடி. ஒரு கதவுக்கும் இரண்டு யன்னலுக்கும் 53 சதுர அடியைக் கழித்தால் 343. சாதாரண ரோல் 33 அடி நீளம், 21 அங்குல அகலம். விரித்தால் ஏறக்குறைய 58 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் ஆறுக்குச் சற்றுக் குறைவாக வரும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது பெயிண்டுக்கான கணக்கு. வாளியில் மிஞ்சிய பெயிண்டை எந்த மூலைக்கும் இழுத்துப் பூசலாம். தாளில் மிஞ்சுவது துண்டு. ஐந்தடித் துண்டு ஒன்பதடிச் சுவருக்கு உதவாது.

இங்கிலாந்தில் 1712-இல் இந்தத் தாளுக்கு வரி போட்டார்கள். முதலில் சதுர யாருக்கு ஒரு பென்னி. 1836 வரை அந்த வரி இருந்தது. வரி வாங்குகிறவருக்குச் சதுரக் கணக்கு சரி. ஒட்டுகிற பாஸுக்கு, கூரையிலிருந்து தரைவரை முழுதாக இறங்கும் துண்டுகள் எத்தனை என்பதுதான் கணக்கு.

அதையே நீயும் போட்டுப் பார். சுவர் 9 அடி என்றால், மேலும் கீழும் வெட்டிச் சரிசெய்ய இரண்டிரண்டு அங்குலம் சேர்த்து, ஒரு துண்டு 9 அடி 4 அங்குலம். 33 அடி ரோலில் மூன்று துண்டுதான் கிடைக்கும், மீதி ஐந்தடி. இனி சுற்றளவை அங்குலமாக்கு: 528. அதை 21 ஆல் வகுத்தால் 25-ஐத் தாண்டுகிறது. ஆகவே 26 துண்டு. ரோலுக்கு மூன்று என்றால் ஒன்பது ரோல்.

கதவையும் யன்னலையும் கழிக்கக் கூடாதா என்று கேட்பாய். கழிக்கலாம், கவனமாக. நாலடி அகல யன்னல் என்றால், துண்டுகள் எங்கே தொடங்கினாலும் ஒரு முழுத் துண்டு கட்டாயம் அதற்குள் விழும். மூன்றடிக் கதவில் அந்த உறுதி இல்லை. சில வேளை ஒன்று விழும், சில வேளை இரண்டு துண்டும் பாதி பாதியாகக் கதவின் ஓரத்தில் நிற்கும். எனவே இரண்டு யன்னலுக்கும் இரண்டு துண்டு மட்டும் கழி. 24 துண்டு, எட்டு ரோல். யன்னலுக்கு மேலும் கீழும் வரும் சின்ன இடங்களுக்கு அந்த ஐந்தடி மீதிகள் போதும். ஆறுக்கும் எட்டுக்கும் இடையிலுள்ள இந்த இரண்டு ரோலைத்தான், வேலை பாதியில் நிற்கும்போது ஆட்கள் தேடி அலைகிறார்கள்.

இவ்வளவும் டிசைன் இல்லாத தாளுக்கு. பூவோ கொடியோ கட்டமோ இருந்தால், பக்கத்துத் துண்டுடன் அது பொருந்த வேண்டும். கட்டம்போட்ட துணியில் சட்டை தைக்கும் தையற்காரர் கூடுதல் துணி கேட்பது இதற்காகத்தான். ரோலின் லேபிளைப் பார்: அம்புக்குறிகளும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். 53 என்று இருந்தால், 53 சென்ரிமீற்றருக்கு, அதாவது 21 அங்குலத்துக்கு ஒருமுறை டிசைன் திரும்ப வருகிறது. 53/26 என்று இரண்டு எண் இருந்தால் பக்கத்துத் துண்டைப் பாதி டிசைன் இறக்கி ஒட்ட வேண்டும். சேதாரம் இன்னும் கூடலாம்.

உயரம் கூடக் கூட இது எப்படிக் கடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. அதே நீள அகலத்தில் பத்தரை அடி உயர அறை ஒன்றை எடுத்துக்கொள். இங்குள்ள பழைய வீடுகளில் சீலிங் உயரம்தான். துண்டு 10 அடி 10 அங்குலம். டிசைன் இல்லாத தாள் என்றால் ரோலுக்கு மூன்று துண்டு அரை அடி மீதியுடன் தப்பிவிடும். 26 துண்டுக்கு ஒன்பது ரோல். 21 அங்குல டிசைன் என்றால் ஒவ்வொரு துண்டையும் 12 அடி 3 அங்குலத்துக்கு ஒன்றாகத் தொடங்க வேண்டியிருக்கும். ரோலுக்கு இரண்டு துண்டுதான். ஒன்பது பதின்மூன்றாகிவிடும். உன் ஒன்பதடி அறையில் அதே டிசைன் ரோலுக்கு மூன்று துண்டு தருகிறது, கூடுதல் செலவே இல்லை. டிசைனைப் பிடித்துப்போய் எடுப்பதற்கு முன் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எல்லா ரோலும் ஒரே அளவல்ல என்பதையும் மறக்காதே. கொரியத் தாள் பெரும்பாலும் 1.06 மீற்றர் அகலம், 15.6 மீற்றர் நீளம். உன் அறைக்கு மூன்று ரோலில் முடிந்துவிடும். பின்னால் பசையுடன் வரும் 45 சென்ரிமீற்றர் அகல, 10 மீற்றர் நீளத் தாள் என்றால், யன்னலுக்கு எதுவும் கழிக்காமல், பத்து ரோல் வேண்டும். ஆகவே ரோலின் விலையை மட்டும் கேட்டு மலிவா விலையா என்று முடிவுகட்ட முடியாது.

இனி மாமாவுக்கு உண்மையில் கவலை தரும் விஷயம். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், ஈரச் சுவரில் ஒட்டியது கழன்றுவிடும். சிலாபத்தில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, வடக்கே தெதுறு ஓயா. மணல் தரை, நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. சுவரின் அடியில் பூச்சு பொரிந்து உப்புப் பூப்பதை நீயே பார்த்திருப்பாய். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் வெள்ளம் ஏறிய சுவர்களோ, வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடு. உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் அந்தச் சுவரில் தாள் ஒட்டவே கூடாது. புதுச் சீமெந்துப் பூச்சென்றால் ஒரு மழைக்காலம் கழியட்டும்.

தாளுக்குப் பின்னால் ஈரம் நின்றால் பூஞ்சணம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்சனிக் கலந்த பச்சைச் சாயத் தாள்கள் ஐரோப்பிய வீடுகளில் நிறைய இருந்தன. அந்தச் சாயத்தில் வளரும் பூஞ்சணம் நச்சு வாயுவை விடுகிறது என்று 1890-களில் பார்த்தொலோமியோ கோசியோ என்ற இத்தாலிய மருத்துவர் காட்டினார். சென் ஹெலனா தீவில் நெப்போலியன் 1821-இல் இறந்த ஈரமான வீட்டின் சுவர்த்தாளிலும் பின்னர் ஆர்சனிக் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைய தாளில் அந்தச் சாயம் இல்லை. பூஞ்சணத்துக்கு மட்டும் மாற்றம் இல்லை. சின்னப் பிள்ளைகள் படுக்கும் அறையில் அது இருக்கவே கூடாது.

ஏசி போடப் போகிறாய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம்மூர்ப் புழுக்கத்தில் வெளிக்காற்றின் ஈரம் வெளிச்சுவர் வழியாக உள்ளே நகரும். உள்பக்கம் குளிர்ந்த வைனல் தாள் அதை மறிக்கும். ஈரம் தாளின் முதுகிலேயே தங்கும். வென்னப்புவ, மாரவிலப் பக்கம் இத்தாலிக்குப் போய் உழைத்தவர்கள் கட்டிய வீடுகளைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. மிலான் நகரின் குளிர்கால வீடு ஹீற்றரால் உள்ளே உலர்ந்திருக்கும்; ஈரம் உள்ளிருந்து வெளியே போகும். அங்கே நிற்கும் தாள் இங்கே நிற்கும் என்று நம்ப முடியாது.

ஆகவே மாமாவின் முடிவு இது: நாலு சுவரும் வேண்டாம். ஹோலுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள 12 அடி உள்சுவருக்கு மட்டும் ஒட்டு, மற்றவற்றுக்குப் பெயிண்ட். அந்தச் சுவரில் கதவும் யன்னலும் இல்லை. 144 அங்குலத்தை 21 ஆல் வகுத்தால் ஏழு துண்டு, மூன்று ரோல். இரண்டு துண்டு மிஞ்சும். அதை எறியாதே, பிறகு எங்காவது கிழிந்தால் ஒட்டலாம்.

உயரத்தைப் பிளானில் பார்க்காமல் இரும்பு டேப்பால் சுவரின் இரு முனையிலும் நடுவிலும் அளந்து, கூடியதை எடு. மூன்று ரோலையும் ஒரே நாளில் வாங்கு. லேபிளில் உள்ள பாட்ச் நம்பர் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார். அடுத்த பாட்சில் அதே டிசைன் வந்தாலும் நிறம் ஒரு மாத்திரை மாறியிருக்கும். சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பளிச்சென்று தெரியும். பொலித்தீன் சோதனை முடியும்வரை முற்பணம் கட்டாதே, பிள்ளை.

அன்புடன்,
மாமா