கொரிய மீனூறலும் லாக்டிக் நுண்ணுயிர்களும்

கொரியத் தீபகற்பம் மும்மருங்கும் கடலாற் சூழப்பெற்றது. மீனும் இறாலும் மிகுதியாய்க் கிடைக்குங் காலத்து அவற்றை உப்பிட்டுச் சாடிகளில் ஊறவைத்து, கிடையாத காலத்திற்கெனச் சேமித்தல் அந்நாட்டார்க்குத் தொன்றுதொட்ட வழக்கம். 683-ஆம் ஆண்டில் சில்லா நாட்டு மன்னர் சின்முன் மணம் புரிந்தபோது, மணமகள் இல்லத்திற்கு அனுப்பிய வரிசைப்பொருள்களுள் அரிசி, மது, தேன் முதலியவற்றோடு இத்தகைய ஊறலும் இருந்ததென 1145-இல் தொகுக்கப்பெற்ற 'சம்குக் சகி' என்னும் வரலாற்று நூல் கூறுகின்றது.

இந்நாளில் இவ்வூறல்கள் வேறொரு காரணம் பற்றியும் புகழப்படுகின்றன. இவற்றில் வாழும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உடலுக்கு நலஞ்செய்வன என்பர். இக்கூற்றின் உண்மையை ஆராய்வாம்.

கொரிய மீனூறல்களுள் இருவகை ஈண்டு அறியத்தக்கன. முதலாவது 'ஜொட்கல்'. இறால், நெத்திலி, சிப்பி முதலியவற்றோடு, பழைய முறைப்படி, நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை உப்புச் சேர்த்துப் பல திங்கள் ஊறவிடுவர். பெரும்பாலும் மீனின் தசையிலும் குடலிலும் உள்ள என்சைம்களே புரதத்தைச் சிதைத்துச் சுவையூட்டுகின்றன. இத்துணை உப்பில் பல நுண்ணுயிர்கள் பெருகமாட்டா. டெட்ராஜெனோகாக்கஸ் போன்று உப்பைப் பொறுக்கவல்ல சிலவே வளரும். ஆகவே இவ்வூறலைக் காப்பது உப்பே; அமிலமன்று.

இரண்டாவது 'சிக்கே'. வடகிழக்கிலுள்ள ஹம்கியோங் பகுதி இதற்குப் பெயர்போனது. தட்டைமீனைக் குறைந்த உப்பிட்டு, வேகவைத்த தினை, முளைதானிய மாவு, முள்ளங்கி, பூண்டு, மிளகாய்ப்பொடி ஆகியவற்றோடு பிசைந்து வைப்பர். முளைதானியத்திலுள்ள என்சைம் தினையின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும். அச்சர்க்கரையை லாக்டிக் பாக்டீரியாக்கள் அமிலமாக்கும். புளிப்பு ஏற ஏற, அழுகச்செய்யும் கிருமிகள் ஒடுங்கும், மீன்முள்ளும் மென்மையுறும். பால் தயிராதலும் இவ்வினத்து நுண்ணுயிர்களின் செயலேயாம்.

இனி, நலஞ்செய்யும் நுண்ணுயிர் என்பது யாது? போதிய அளவில் உட்கொள்ளுங்கால் உண்டார்க்கு நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிரே 'புரோபயாட்டிக்' எனப்படுமென, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய அறிஞர் குழு 2001-இல் வரையறுத்தது. ஆராய்ச்சியாளர் ஊறலினின்று பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, இரைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் அவை தாங்குமோவெனச் சோதிக்கின்றனர். சோதனைக்குழாயில் தாங்கியது மனிதர்க்கு நலஞ்செய்யுமென்பது அதனாலேயே முடிவாகாது. மேலும், ஊறலைக் குழம்பிலிட்டுக் கொதிக்கவைப்பின் பாக்டீரியாக்கள் இறந்தொழியும். உப்பு மிகின் இரத்த அழுத்தமும் ஏறும்.

மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. 2019-இல் தென்கொரியாவிற் பரவிய 'ஏ' வகைக் கல்லீரல் அழற்சிக்கு உப்பிட்ட மட்டியூறலே முதன்மைக் காரணமென அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் கண்டறிந்தனர். பழமையான உணவென்பதால் மட்டும் நோய்க்கிருமி விலகி நில்லாது. தூய பொருளும் தூய கையும் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! சாடியில் நுண்ணுயிர் உண்டென்பது ஒன்று. அஃது உயிரோடு குடலைச் சேருமென்பது வேறொன்று. சேர்ந்து நலஞ்செய்யுமென்பது பிறிதொன்று. முதலாவதைக் கண்ட மாத்திரத்தே மூன்றாவதை நம்புதல் அறிவுடைமையாகாது. ஆயினும், நுண்ணுயிரென ஒன்றுண்டென அறியாத காலத்தே, எதற்கு உப்பு மிக வேண்டும், எதற்குத் தினை வேண்டும் எனக் கையறிவாலேயே கண்டுகொண்ட கொரிய முன்னோரின் திறம் நாம் போற்றற்குரியது.