கூண்டின் காவலர்

மரக்காணத்து உப்பளங்களில் உழைப்போர் பாத்திகளின் வரப்பை நாள்தோறும் பார்வையிடுவர். ஓரிடத்தில் கரை உடையினும் பல நாள் உழைப்பு நீரில் கரைந்துவிடும். அத்தகைய விழிப்பை வேண்டும் மற்றொரு தொழில், அவ்வூருக்கு வடக்கே, சென்னையை அடுத்த வண்டலூரில் நடைபெறுகின்றது. அதுவே புலி, சிங்கம், சிறுத்தை முதலிய பூனையின விலங்குகளைப் பேணும் தொழிலாகும்.

1855ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய விலங்குக் காட்சிச்சாலை, 1985 முதல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விளங்குகின்றது. அங்கே விலங்கை ஓர் அறைக்கு மாற்றி, இடைக்கதவைத் தாழிட்ட பின்னரே காவலர் மற்றோர் அறையைத் தூய்மை செய்யப் புகுவர். கையால் வளர்த்த புலிக்கும் இவ்விதி தளராது. பழகியதனால் புலி பூனையாகிவிடுவதில்லை.

இறைச்சியை இடுவதோடு பணி முடிவதில்லை. எது உண்டது, எது உண்ணவில்லை, எது இருமுகின்றது என உற்று நோக்குதல் வேண்டும். 2021ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அங்கிருந்த சிங்கங்கள் சில உணவில் விருப்பம் குன்றி இருமின. மக்களை வாட்டிய கொரோனா நோயே அவற்றையும் பற்றியது ஆய்வில் தெரிந்தது. நீலா என்னும் பெண் சிங்கம் ஜூன் 3ஆம் நாள் இறந்தது. பின்னர் ஓர் ஆண் சிங்கமும் மாண்டது. ஏனைய பல, மருத்துவத்தால் தேறின.

காட்டு விலங்கு இரையையும் நீரையும் தானே தேடிக்கொள்ளும். அடைபட்ட விலங்குக்கு அவ்வுரிமை இல்லை. ஆதலின் அதனை அடைத்துவைத்த நாமே அதன் நலத்துக்குப் பொறுப்பாவோம். காணச் செல்வோர் கல்லெறியாமலும் கூச்சலிடாமலும் இருத்தல் அப்பொறுப்பில் ஒரு பங்காகும்.