இரு தந்தையர்

சேக்ஸ்பியரைத் தமிழில் ஆராயப் புகுவோர்க்கு வழிகாட்டியாய் அமைந்தது, சுவாமி விபுலாநந்தர் இயற்றி 1926ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’ என்னும் நூல். அக்கவியின் 12 நாடகங்களை அடிகளார் அதன்கண் ஆராய்ந்து காட்டினார். அவ்வழி நின்று, இளையோர் காதலும் தந்தையர் ஆணையும் எதிர்ப்படும் இடத்தை இரு நாடகங்களில் வைத்து ஈண்டு நோக்குவோம். ஒன்று 1597இல் அச்சேறிய ‘ரோமியோவும் யூலியெற்றும்’. மற்றையது 1611இல் அரசவையில் நடிக்கப்பெற்ற ‘புயல்’. இரண்டிலும் காதலர் பகைவர் வீட்டுப் பிள்ளைகளே. எனினும், ஒன்றில் காதலர் மடிகின்றனர். மற்றதில் காதலாற் பகை மடிகின்றது. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது?

யூலியெற்றின் தந்தையாகிய கபுலெற்று இயல்பிற் கொடியவன் அல்லன். மகளை மணக்க விரும்பிய பாரிசிடம், அவளுக்கு இன்னும் 14 வயது நிரம்பவில்லை என்றும், ஈராண்டு பொறுத்திருத்தல் வேண்டும் என்றும், முதலில் அவள் உள்ளத்தைப் பெறுக என்றும் கூறுகின்றான். தன் வீட்டு விருந்திற் பகைவன் மகன் ரோமியோ புகுந்ததை உறவினன் திபால்ற்று கண்டு சினந்தபோது, அவன் நற்பெயருடைய இளைஞன் என்று சொல்லித் தடுத்தவனும் கபுலெற்றே.

திபால்ற்று கொலையுண்டபின் நிலைமை மாறுகின்றது. கபுலெற்று தன் சொல்லைத் தானே மறந்து, மகளைக் கேளாமலே வியாழக்கிழமை மணம் எனப் பாரிசுக்கு வாக்களிக்கின்றான். அவள் முன்னரே ரோமியோவின் மனைவியாயினாள் என்பதை அவன் அறியான். அவள் மறுத்ததும், தெருவில் இரந்து பட்டினியால் மடிக என வைகின்றான். தாய் கைவிடுகின்றாள், செவிலியும் பாரிசையே மணக்கச் சொல்கின்றாள். உண்மையை உரைக்க வீட்டில் ஒருவரும் இலராயினர். அவள் இணங்கியவள்போல் நடித்தபோதோ, தந்தை மகிழ்ந்து மணநாளைப் புதனுக்கு மாற்றுகின்றான். ஈற்றிற் கல்லறையருகே பகைவனை நோக்கிக் கை நீட்டுகின்றான். மகள் உயிருடன் இருந்தபோது நீண்டிருக்க வேண்டிய கை அது.

‘புயல்’ நாடகத்துப் புரொஸ்பரோவும் ஆணை செலுத்துபவனே. தன்னை நாடு கடத்தத் துணைநின்ற அரசனின் மகன் பேடினந்தை விறகுக் கட்டைகளைச் சுமக்கச் செய்கின்றான். எளிதிற் பெற்றது எளிதாய் மதிக்கப்படும் என்பது அவன் கருத்து. பெயரைச் சொல்லாதே என்று மகள் மிராந்தாவுக்குக் கட்டளையிடுகின்றான். அவள் அதனை மறந்து பெயரைச் சொல்லிவிடுகின்றாள். கட்டைகளைத் தானே சுமக்கவும் முன்வருகின்றாள். மறைந்து நின்று அனைத்தையும் கேட்ட தந்தை சினக்கவில்லை; உள்ளம் குளிர்கின்றான். சோதனை முடிந்ததும், காரணத்தை விளக்கி மகளைக் கையளிக்கின்றான். இம்மணத்தால் அவன் எண்ணமும் நிறைவேறுகின்றது என்பது உண்மையே. ஆயினும் மகளின் மனமறிந்தே அதனை நிறைவேற்றினான்.

அன்பும் ஆணையும் இருவர்க்கும் உண்டு. கேட்டறியும் பொறுமை ஒருவனுக்கே வாய்த்தது. கண்ட மறுநாளே மறைவில் மணந்த இளையோரின் அவசரமும் பிழையே என்பதை மாணவர் மறத்தலாகாது. இன்று தந்தையராய் விளங்கும் பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவோம். மறைந்து நின்று கேட்பதற்குப் புரொஸ்பரோவின் மந்திரம் நம்மிடம் இல்லை. பிள்ளைகள் அஞ்சாது தாமே வந்து சொல்லுமாறு நடந்துகொள்வதே நமக்குள்ள வழியாகும்.