தெற்கு வாசலும் குப்பத்து வெயிலும்

குப்பத்தில் மனை பார்க்க வருகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் திசையைக் கேட்கிறார். தெற்குப் பார்த்த மனை என்றால் முகம் சுருங்கிவிடும். மூன்று மாநிலங்கள் கூடும் ஆந்திர ஊர் இது. தெலுங்குக்காரர், தமிழர், கன்னடக்காரர் மூவருக்கும் இந்த அச்சம் பொது. அண்மைக் காலமாக வாஸ்துவோடு ஃபெங் சுயியும் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஈசானிய மூலையில் பூஜை அறை, ஷோகேசில் சிரிக்கும் புத்தர், வாசலில் சிவப்புக் கயிற்றில் கோத்த சீன நாணயம். வீடு கட்ட வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறவர்கள் இவற்றை நம்பித் தவறான இடத்தில் செலவழிப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

நம்பிக்கை: வாஸ்துவும் ஃபெங் சுயியும் ஒன்றைத்தான் சொல்கின்றன, இரண்டையும் பார்த்துச் செய்தால் இரட்டிப்பு நன்மை.

எமன் திசை என்று நாம் ஒதுக்கும் தெற்குதான் சீனத்தில் வாசலுக்கு உகந்த திசை. பெய்ஜிங்கின் பழைய அரண்மனையே தெற்குப் பார்த்துத்தான் நிற்கிறது. காரணம் வானத்தில் இருக்கிறது. பெய்ஜிங் ஏறக்குறைய 40 பாகை வடக்கே உள்ள ஊர். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன்கூட அங்கே தெற்கு வானில் 27 பாகைக்கு மேல் ஏறாது. வடக்கேயிருந்து உறைய வைக்கும் காற்று வீசும். முதுகுக்கு மலையும் முகத்துக்கு வெயிலும் அங்கே உயிர் காக்கும் ஏற்பாடு. ஃபெங் என்றால் காற்று, சுய் என்றால் நீர். அந்தச் சொல்லுக்கு மூலமாகக் காட்டப்படும் நூல் குவோ பூ (276–324) பெயரால் வழங்குவது. அது வீடு கட்டுவது பற்றியதே அல்ல, இறந்தவரை அடக்கம் செய்ய இடம் தேர்வது பற்றியது.

குப்பம் 13 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்குப் பக்கமே சாய்ந்து நிற்கிறது. கோடை உச்சத்தில் தெற்குச் சுவருக்கு நண்பகல் வெயிலே படுவதில்லை. நம்மைச் சுடுவது மேற்குச் சுவர். பிற்பகல் முழுவதும் சூட்டைக் குடித்துவிட்டு இரவில் படுக்கையறைக்குள் அதைக் கக்கும். வீட்டுத் தலைவர் தென்மேற்கான கன்னி மூலையில்தான் படுக்க வேண்டும் என்று விதி வைத்து, அந்த அறையின் மேற்குச் சுவருக்கு ஒரு சன்ஷேடுகூடப் போடாமல் விட்டுவிடுகிறோம். மே மாதம் அங்கே படுத்து எழுந்தவருக்குத் தெரியும் அந்த வேதனை.

பண மூலைக் கதையும் இப்படித்தான். வாஸ்துவில் குபேரன் வடக்கே. திசைகாட்டி வைத்துப் பார்க்கும் ஃபெங் சுயியில் செல்வம் தென்கிழக்கே. அமெரிக்காவில் லின் யுன் பரப்பிய பிரிவிலோ, வாசலில் நின்று உள்ளே பார்த்தால் இடப்பக்கக் கடைசி மூலை. ஒரே வீட்டுக்கு மூன்று பண மூலைகள்! இதில் தென்கிழக்கு நமக்கு அக்னி மூலை, அடுப்பு எரிகிற இடம். இரண்டையும் சேர்த்துப் பின்பற்றவே முடியாது.

நம்பிக்கை: போர்வெல் ஈசானியத்தில்தான், செப்டிக் டேங்க் வாயு மூலையில்தான்.

இதுதான் எனக்கு மிகக் கவலை தருவது, ஏனென்றால் இது குடிக்கிற தண்ணீர். குப்பம் கருங்கல் பூமி. இங்கே நிலத்தடி நீர் மணலில் ஊறிக் கிடப்பதில்லை. பாறையின் வெடிப்புகளில் மட்டும் ஓடுகிறது. அந்த வெடிப்பு மனையின் எந்த மூலைக்குக் கீழே போகிறது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லாது. எங்கள் உறவில் ஒருவர் ஈசானியத்தில் போர் போட்டுப் புழுதிதான் கண்டார். கடன் வாங்கி அதே மூலையில் நாலடி தள்ளி மறுபடி போட்டார். அதுவும் வறண்டது.

30-க்கு 40 அடி மனையை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கில் போர், வடமேற்கில் செப்டிக் டேங்க் என்றால் இரண்டுக்கும் இடையே வடக்கு எல்லையின் நீளம்தான் இருக்கும், 30 அடியோ 40 அடியோ. எதிர்மூலையான தென்மேற்கில் டேங்க் வைத்தால் 50 அடி வரை கிடைக்கும். கன்னி மூலையில் பள்ளம் ஆகாது என்று அதைத் தடுத்துவிடுகிறார்கள். வெடிப்புள்ள பாறையில் கழிவுநீர் வடிகட்டப்படாமலே வெகுதூரம் போகக்கூடியது. இங்கே ஒவ்வொரு அடிக்கும் மதிப்பு உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் போர் எங்கே, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்றும் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: வாஸ்துப்படி கட்டினால் பதவியும் செல்வமும் நிலைக்கும்.

பக்கத்து மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. ஹைதராபாத்தின் பழைய தலைமைச் செயலகத்துக்கு வாஸ்து சரியில்லை என்று அன்றைய தெலங்கானா முதல்வர் சந்திரசேகர ராவ் வெளிப்படையாகவே சொன்னார். 2020-இல் அது இடிக்கப்பட்டது. வாஸ்து பார்த்துக் கட்டிய புதிய கட்டடம் 2023 ஏப்ரல் 30-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் ஆட்சியை இழந்தார்.

நம்பிக்கை: மணி பிளான்ட் பணமும் நல்ல காற்றும் தரும்.

மணி பிளான்ட் பிரெஞ்சு பாலினேசியாவின் மோரியா தீவிலிருந்து வந்த கொடி. அதன் இலையைக் குழந்தை மென்றால் வாய் எரிந்து வீங்கும். அறைக்குள் செடி வைத்துக் காற்றைச் சுத்தம் செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்தால் போதும். கடையில் விற்கும் 'அதிர்ஷ்ட மூங்கில்' மூங்கிலே அல்ல, ஆப்பிரிக்கச் செடி. சிரிக்கும் புத்தரும் கௌதம புத்தர் அல்ல. 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் புதாய் என்னும் சீனத் துறவி. அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை.

பழையவை எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. வடகிழக்கை அடைக்காமல் விடுவது காலை வெளிச்சத்தை உள்ளே கொண்டுவரும். நடுவில் முற்றம் வைத்த பழைய வீடுகளில் சூடு மேலே எழும்பிப் போக வழி இருந்தது. காற்றையும் வெயிலையும் கண்டு அறிந்தவர்கள் செய்தவை அவை.

வீடு கட்டப் போகிறீர்களா? மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மாலை 4 மணிக்கு உங்கள் மனையில் போய் நில்லுங்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்றும் பார்த்துவிட்டு, அதன் பிறகு வாசக்கால் வையுங்கள்.